தெரிந்து வினையாடலும் தேர்வுப் பொறியும்

வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என்னும் 51, 52 ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். முன்னது ஆளை ஆராய்ந்து தேறுதல். பின்னது தேறியவனை அவன் வல்ல வினையில் அமர்த்துதல். இவ்விரு செயலையும் இற்றைநாள் நிறுவனங்கள் பல செயற்கை நுண்ணறிவு கொண்ட கணிப்பொறியிடம் ஒப்படைத்து வருகின்றன. அதன் இயல்பினைப் போடிநாயக்கனூரை அடுத்த சிலமலைப் பகுதியை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

இவ்வட்டாரத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் மலையேறும் பெண்டிர் பலர். ஏலக்காய் ஒருங்கே முதிர்வதன்று. ஒரு சரத்திலேயே முற்றியதும் பிஞ்சும் உடனிருக்கும். பறிக்கும் பருவத்தைக் கண்ணும் விரலுமே அறியும். அத்திறம் எச்சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாததைப் பொறி காணாது. ஆயின், அறிமுகம் பார்த்து ஆளெடுத்தல் குற்றமற்றதென்று யாம் கூறோம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறை, முன்பணக் கடனால் தொழிலாளரைப் பிணித்தமை யாவரும் அறிந்தது. முகம் பாராப் பொறியே நடுவுநிலை உடையது என்பார் உரைக்கும் காரணமும் இதுவே.

அக்காரணம் முழுதும் பொருந்துமா? பொறி, முன்னர்த் தேர்ந்தெடுக்கப்பட்டோர் விண்ணப்பங்களைக் கற்று, அவற்றை ஒத்தவற்றுக்கு மதிப்பெண் மிகுதியாக இடுகின்றது. ஆகவே பழைய சார்பும் உடன்வரும். அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிய தேர்வுப் பொறி, ஆடவரே மிக்கிருந்த பத்தாண்டு விண்ணப்பங்களைக் கற்றமையால் மகளிரைத் தாழ்த்தி மதிப்பிட்டது. அது கைவிடப்பட்ட செய்தி 2018 இல் வெளிவந்தது.

நம்மனோர்க்குப் பெயரும் ஓர் இடர். தமிழருட் பெரும்பாலார்க்குக் குடும்பப்பெயர் இல்லை; தந்தை பெயரின் தலையெழுத்தே முன்னிற்கும். படிவமோ இறுதிப்பெயர் கேட்கும். 'எழிலரசி' என்பதன் ழகரம் ஆங்கில எழுத்தில் ஒரு சான்றில் ஒருவகையாகவும் பிறிதொன்றில் வேறுவகையாகவும் அமையின், ஒருத்தியே பொறிக்கு இருவராவாள்.

ஈண்டு முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) நினையத்தக்கன. ஊரை 30 குடும்புகளாக்கி, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். பிற்பட்ட கல்வெட்டின்படி அகவை 35 முதல் 70 வரை. கால்வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் விலக்கப்படுவர். இவ்விதி நிலமிலாரை ஒதுக்கியது உண்மையே. சிலமலைக் கூலியாள் எவரும் அக்குடத்துட் புகார். எனினும், விலக்கப்பட்டான் தான் விலக்கப்பட்ட காரணத்தைச் சுவரிலேயே காணலாம். பொறியால் விலக்கப்பட்டவனுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய சட்டம் ஆளெடுக்கும் பொறியை மிகு இடர் வகையுட் சேர்த்தது இக்குறை நோக்கியே எனலாம். நியூயார்க்கு நகரமோ, இத்தகைய பொறிகளில் சார்பு உளதா எனப் பிறரைக் கொண்டு ஆண்டுதோறும் தணிக்கை செய்விக்குமாறு 2023 முதல் பணித்துள்ளது.

ஏலம் என்னும் காய்ப்பெயர் நம்முடையது. விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கேசியர் தந்தது. போடியிலும் புற்றடியிலும் நறுமணப்பொருள் வாரியத்தின் ஏலம் இன்று கணினிவழியே நிகழ்கின்றது. அங்கே, கேட்ட விலை திரையில் யாவர்க்கும் தெரிகின்றது. காய்க்குக் கிடைத்த அத்திரையையே, காய் பறிப்பாளின் மகள் வேலைக்கு விண்ணப்பிக்குமிடத்தும் யாம் வேண்டுகின்றோம்.