நம்பர் கேட்டால் மறுக்கலாம்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எந்தப் பெரிய கடையில் பில் போட நின்றாலும் முதலில் காதில் விழுவது, "நம்பர் சொல்லுங்க." சோப்பும் ரவையும் வாங்க வந்தவர் தன் பத்து இலக்கத்தையும் உரக்கச் சொல்கிறார். வரிசையில் பின்னால் நிற்கும் நாலு பேருக்கும் அது கேட்கிறது. ஆவடி மார்க்கெட்டில் மருந்துக்கடை, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் செருப்புக்கடை, ஜவுளிக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, எங்கும் இதுதான் வழக்கமாகிவிட்டது. "எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "நம்பர் அடிக்காம பில் போகாது மேடம், சிஸ்டம் அப்படி" என்று பதில் வரும்.

அந்தப் பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரிடம் செல்போன் எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. எண் தராவிட்டால் பில் கிடையாது என்பது முறையற்ற வணிக நடைமுறை என்றும் அத்துறை சொன்னது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினால் இதற்கான அடிப்படை அதிலேயே இருக்கிறது. விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை. நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை இன்னொருவருக்குக் கைமாற்றுவதும் அப்படித்தான்.

கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் இதற்காகச் சண்டை போடுவதில் நியாயமில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர், மேலிடத்தில் சொன்னதைச் செய்கிறார். "நம்பர் தர விருப்பமில்லைம்மா, பில் மட்டும் போடுங்க" என்று ஒருமுறை சொன்னால் பல கடைகளில் வேலை முடிந்துவிடும். முடியவில்லையென்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லலாம். அங்கும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஒரு நம்பரில் என்ன பெரிய ரகசியம் என்று தோன்றலாம். பத்து இலக்கம் தனியாகக் கிடந்தால் யாருக்கும் பெரிய பயனில்லைதான். ஆனால் அதன் பக்கத்தில் பெயர், குடியிருக்கும் பகுதி, மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, குழந்தைக்கு வாங்கிய டயப்பர் எல்லாம் வந்து உட்காரும்போது அது ஒரு ஆளின் முழு விவரமாகிவிடுகிறது. வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றுக்கும் ஓடிபி வந்து விழுவதும் அதே எண்ணில்தான். மோசடிக்காரன் போனில், "சார், நீங்க கொரட்டூர்ல இருக்கீங்க, இந்தப் பேர்ல கேஸ் கனெக்ஷன் இருக்கு, கேஒய்சி முடியலை" என்று ஆரம்பிக்கும்போது, கேட்பவர் அவனை நம்பக் காரணம் அவன் கையில் இருக்கும் அந்தச் சின்னச் சின்ன உண்மைகள். ஏமாந்தவரைப் படிப்பறிவில்லாதவர், பேராசைக்காரர் என்று பேசுவது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. அது கொடுமை. அவர் விவரத்தை வெளியே விட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடை கவுண்டரைவிட எனக்கு அதிகம் கவலை தருவது ஜெராக்ஸ் கடை. தாலுகா அலுவலகம், ரயில் நிலையம், பள்ளிக்கூடம் என எதன் பக்கத்திலும் ஒன்று இருக்கும். சுவரில் ஒரு வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். பிரிண்ட் எடுக்க வருபவர் ஆதார் பிடிஎஃப்பை அந்த எண்ணுக்கு அனுப்புவார், கூடவே பாஸ்வேர்டையும் டைப் செய்து அனுப்புவார். அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தபடியே கிடக்கும். கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கும், இரண்டு காப்பி வெளியே வரும், ஐந்தோ பத்தோ ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அந்த வட்டாரத்துக் குடும்பங்களின் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்த கம்ப்யூட்டரை ரிப்பேருக்கு எடுத்துப் போகிறவர் யார், பழைய விலைக்கு வாங்குகிறவர் யார் என்பது நம் கையில் இல்லை. பிரிண்ட் ஆனதும் நின்று, "அண்ணே, அதை டெலீட் பண்ணிடுங்க, சாட்டையும் அழிச்சிடுங்க" என்று சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதில் தப்பே இல்லை. கசங்கி வந்த காப்பியையும் அங்கே போடாமல் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

ஆதார் நகலைப் பற்றி அரசே ஒரு முறை தடுமாறியது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், முகமூடியிட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. மக்கள் பதறியதும் இரண்டே நாளில், 29ஆம் தேதி, தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போனாலும் அதில் சொன்ன வழி இருக்கிறது. முகமூடியிட்ட ஆதாரில் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். விரல்ரேகையையும் கருவிழிப் பதிவையும் யாரும் பயன்படுத்த முடியாதபடி அங்கேயே பூட்டி வைக்கலாம். சந்தேகம் இருந்தால் 1947க்குப் பேசலாம். காகித நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், யாருக்கு, எதற்காக, என்ன தேதியில் என்று நகலின் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டு உரிமையாளர் அடையாளம் கேட்பது நியாயம்தான். ஆனால் அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ போதும்.

இவ்வளவு கவனமாக இருந்தாலும், நாம் நம்பிக் கொடுத்த பெரிய நிறுவனம் கோட்டை விட்டால்? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தில் நடந்தது அதுதான். 2024 செப்டம்பரில் அதன் வாடிக்கையாளர்களின் விவரங்கள் டெலிகிராம் செயலியில் சாட்பாட் மூலம் கிடைப்பதாகச் செய்தி வெளியானது. பெயர், போன் எண், முகவரி, வரி விவரம், அடையாள அட்டை நகல், மருத்துவப் பரிசோதனை முடிவு, நோய் விவரம் எல்லாம் அதில் இருந்தன. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொன்னான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த சாட்பாட்களை முடக்க இடைக்கால உத்தரவு வாங்கியது. போன் எண்ணை மாற்றிவிடலாம். ஒருவருக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்ற செய்தி வெளியே போனால் அதை எப்படி மாற்றுவது?

அரசிடம் இருப்பதும் பத்திரமாக இல்லை. 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் போடப்பட்டிருப்பதை ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தேடல் தளத்துக்குள்ளேயே வெளியாள் ஒருவர் நுழைந்துவிட்டார்.

அந்தரங்கம் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. அதற்கான சட்டம் வர ஆறு ஆண்டு ஆனது. 2023 ஆகஸ்டில் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அதிலும் நமக்கு உண்மையில் பயன்படும் பகுதிகள், அதாவது நம் சம்மதம் கேட்பது, கேட்டால் விவரத்தை அழிப்பது, கசிந்தால் நமக்குச் சொல்வது எல்லாம் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். ஆனால் அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் மட்டும் காத்திருக்கவில்லை. அதிகாரிகளைப் பற்றிய விவரத்தைத் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க வழி செய்யும் அந்தத் திருத்தம் 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. மக்களுக்கான பாதுகாப்புக்குத் தவணை, அதிகாரத்துக்கான மறைப்பு உடனடி. இந்த வரிசை தவறு. நம் பகுதி எம்.பி.க்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதிய சட்டத்தில் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும், விவரம் பறிபோனவருக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. தகவலைக் காக்கத் தவறிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருக்கும் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. நீக்கம் நடைமுறைக்கு வரும்வரை அந்தப் பழைய வழி திறந்திருக்கிறது. அதன்படி மனுவை விசாரிக்கும் அதிகாரி மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவரே விசாரிக்கலாம். இது ஏட்டில் மட்டும் உள்ள அதிகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டில் வேலை பார்த்த, தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கு வைத்திருந்த ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்து பணத்தை இழந்தார். 2010 ஏப்ரலில் அப்போதைய செயலாளர் பி.டபிள்யூ.சி. டேவிதார், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். கடவுச்சொல்லைக் கொடுத்தது நீங்கள்தானே என்று தட்டிக் கழிக்க வங்கியால் முடியவில்லை.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. முதலில் 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் வழியிலேயே நிறுத்தும் ஏற்பாடு அது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகின்றன, சைபர் குற்றப் பிரிவு அங்கேயே உண்டு. அடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. நாலிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் நீங்கள் தாங்க வேண்டியது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தாலும், புகார் கொடுத்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். வங்கி முப்பது நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றிப் பட்டரவாக்கம், மண்ணூர்பேட்டை பக்கம் அறையெடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளிகளுக்கு இதில் ஆபத்து அதிகம். வேலைக்கு ஒரு நகல், அறைக்கு ஒரு நகல், சிம்முக்கு ஒரு நகல் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். அவர்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிடலாம், தனக்குச் சொந்தமில்லாததைத் துண்டிக்கச் சொல்லலாம். தொலைந்த போனை முடக்குவதும் அங்கேதான். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், துண்டித்துத் தொண்ணூறு நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். வங்கியிலும் ஆதாரிலும் அந்தப் பழைய எண்ணே இருந்தால் ஓடிபி முன்பின் தெரியாதவருக்குப் போகும். பக்கத்து அறையில் அப்படி யாராவது இருந்தால் பத்து நிமிடம் ஒதுக்கிப் பார்த்துக் கொடுங்கள்.

பில் மறுத்த கடை மீதும், விவரத்தைக் கைமாற்றிய நிறுவனம் மீதும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட ஆணையம். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் அங்குள்ளவர்களுக்குச் சென்னை. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கும் சேவைக்கும் வழக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில், கடை பெயர், நாள், நேரம், என்ன சொல்லி மறுத்தார்கள் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, முடிந்தால் கடைக்கு ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆணையத்தின் முன் நிற்கும்போது உங்கள் சொல்லுக்கு அந்த மின்னஞ்சலே சாட்சி.