மூச்சு முட்டும் நட்பு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் நட்பு என்று வரும்போது பெற்றோராகிய நாம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம். "யாரோடு சேருகிறாய்?" நன்றாகப் படிக்கிற பிள்ளையா, நல்ல குடும்பமா என்று விசாரித்துவிட்டால் நம் கடமை முடிந்துவிட்டதாக நிம்மதி அடைகிறோம். அந்தக் கேள்வி மட்டும் போதாது என்று எனக்கு உணர்த்திய ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

படத்தின் பெயர் 'ரெஸ்பீர்'. பிரெஞ்சு மொழியில் 'மூச்சு விடு' என்று பொருள். 2014ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. இயக்கியவர் மெலனி லோரான். இவர் நடிகையாகவும் உலகம் அறிந்தவர். ஆன் சோஃபி பிராஸ்ம் என்ற பெண் எழுதி 2001இல் வெளிவந்த நாவலே படத்தின் மூலக்கதை. நாவல் வெளிவந்தபோது எழுதியவருக்கு வயது 17தான். பதின்ம வயதின் வலியை அந்த வயதிலேயே எழுதிய நாவல் அது.

கதை இதுதான். சார்லி 17 வயது மாணவி. அமைதியானவள், ஆஸ்துமா உள்ளவள். அவள் வகுப்பிற்குப் புதிதாக வருகிறாள் சாரா. துணிச்சலும் கலகலப்பும் நிறைந்த பெண். தன் தாயார் ஆப்பிரிக்காவில் தொண்டு நிறுவனமொன்றில் பணிபுரிவதாகச் சொல்கிறாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்கிறது. ஆனால் சாரா தேர்ந்தெடுப்பது சார்லியை. இருவரும் இணைபிரியாத தோழிகள் ஆகிறார்கள். சார்லியின் பழைய சிநேகிதி விக்துவார் மெல்ல ஓரங்கட்டப்படுகிறாள்.

விடுமுறைக்குச் சார்லியின் குடும்பத்தோடு சாராவும் போகிறாள். அங்கே சார்லி அவளை "என் வகுப்பில் படிப்பவள்" என்று ஒருவரிடம் அறிமுகப்படுத்துகிறாள். தோழி என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகச் சாராவின் முகம் மாறுகிறது. அன்றிலிருந்து ஒரு நாள் அணைப்பு, மறுநாள் அலட்சியம். நம்பிச் சொன்ன வீட்டு விஷயங்களே ஆயுதமாகத் திரும்பி வருகின்றன. பள்ளியில் சார்லி தனித்து விடப்படுகிறாள்.

முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. நாவல் சிறைக்குள் இருந்தே தொடங்குகிறது. படமோ அதைக் கடைசிவரை மறைத்து வைக்கிறது. தாங்க முடியாத ஒரு கணத்தில், சார்லி தலையணையால் சாராவின் மூச்சை நிறுத்திவிடுகிறாள்.

அந்தச் செயலுக்கு நியாயமே கிடையாது. ஆனால், அதற்கு வெகு முன்பே சார்லி ஏன் விலகிப் போகவில்லை?

விடையைப் படம் வசனத்தில் சொல்லவில்லை, சார்லியின் வீட்டுக்குள் காட்டுகிறது. அவளுடைய தாய் தந்தையரிடையே ஓயாத சண்டை. தந்தை போவார், வருவார். தாய் அழுவார், பிறகு மன்னித்து ஏற்றுக்கொள்வார். பொறுத்துக்கொண்டு காத்திருப்பதுதான் அன்பு என்று அந்தப் பெண் படித்த பாடம் இதுவே. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தாய் தந்தையிடம் நடந்துகொண்ட விதத்தில்தான் மகள் தோழியிடம் நடந்துகொண்டாள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாரா எப்போதும் கொடுமை செய்திருந்தால் சார்லி என்றோ விலகியிருப்பாள். இடையிடையே பழைய அன்பும் வருகிறது. 'இன்று சரியாகிவிடும்' என்ற நம்பிக்கைதான் கட்டிப்போடும் கயிறு.

சாராவை வெறும் வில்லியாகப் படம் காட்டவில்லை. ஒரு நாள் சார்லி அவளைப் பின்தொடர்ந்து போகிறாள். கேமரா வீட்டிற்கு வெளியே ஜன்னல் ஜன்னலாக நகர்கிறது. உள்ளே குடிபோதையில் தாய். ஆப்பிரிக்கா, தொண்டு நிறுவனம் எல்லாமே பொய். வெட்கத்தை மறைக்கக் கட்டிய கோட்டை அது. அந்த ரகசியம் தெரிந்துவிட்டது என்பதே சாராவின் கோபத்திற்கு எண்ணெய் வார்க்கிறது. ஆக, இரண்டு பிள்ளைகளுமே வீட்டுச் சுமையைப் பள்ளிக்குச் சுமந்து வந்தவர்கள்.

பிரான்சில் உயர்நிலைப்பள்ளிப் பொதுப் பிரிவின் இறுதி ஆண்டில் தத்துவம் கட்டாயப் பாடம். படத்தில் ஓர் ஆசிரியர் வகுப்பில் தீவிர உணர்ச்சியைப் பற்றி விவாதிக்கிறார், அது மனிதனை அடிமையாக்குமா என்று. பாடம் நடக்கிறது. அதே வகுப்பில் ஒரு மாணவி அந்த உணர்ச்சியில் மூழ்கிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியவில்லை. சார்லிக்கு மூச்சு இழுக்கும்போது மருந்து உதவுகிறது. மூச்சு முட்டுவதன் காரணத்தை மட்டும் எவரும் கேட்கவில்லை.

பிரான்ஸ் நாடு 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளித் துன்புறுத்தலைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டு வந்தது. பாதிக்கப்பட்டவர் தற்கொலை செய்துகொண்டாலோ, அதற்கு முயன்றாலோ 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. சட்டம் அவசியம்தான். ஆனால் 'அவள் என் உயிர்த்தோழி' என்று சொல்லும் பிள்ளை காவல் நிலையத்திற்குப் போகமாட்டாள். அவள் நிலையை முதலில் காணக்கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

சார்லியாக நடித்த ஜோசஃபின் ஜாப்பி, சாராவாக நடித்த லூ டெ லாஜ் இருவரின் பெயர்களும் 2015இல் சேசார் விருதின் நம்பிக்கைக்குரிய புதுமுக நடிகைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டன. கடுமையான காட்சிகள் உள்ள படம். ஆகவே பெற்றோர் முதலில் பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளைகளோடு பிறகு பேசுவது நல்லது.

"யாரோடு சேருகிறாய்?" என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். "அவளோடு இருந்துவிட்டு வரும்போது உன் மனம் எப்படி இருக்கிறது?" முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா? பழைய சிநேகிதர்கள் காணாமல் போய்விட்டார்களா? கைத்தொலைபேசி ஒலித்தால் மகிழ்ச்சி வருகிறதா, அச்சம் வருகிறதா?

இதைவிடக் கடினமான கேள்வி நமக்கானது. பிறர் நம்மை எப்படி நடத்தலாம் என்பதற்கு, நம் வீட்டில் பிள்ளைகள் தினமும் எதைப் பார்க்கிறார்கள்? அவமதிப்பைப் பொறுத்துக்கொள்வதையா, "இது சரியில்லை" என்று நிதானமாகச் சொல்வதையா? அவர்கள் எதைப் பார்க்கிறார்களோ, அதையே தங்கள் நட்பிலும் செய்வார்கள்.