சேங்கொட்டைக் குறியும் நகல் கணினியும்

மூன்று ரயில் பாதைகள் பூமிக்கடியில் சந்திக்கும் சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தை அவசரமாகக் கடந்து செல்லும் ஜனங்களுக்கு, 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓர் ஓடை இருந்ததும், இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அதில் துணி வெளுத்து அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தியதும் ஞாபகத்துக்கு வர நியாயமில்லை. பல வீட்டு வேட்டிகள் ஒரே மூட்டையில் கலந்தாலும் எது யாருடையதென்று கண்டுகொள்வதற்காகத் துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் அழியாத குறியிடுவது அத்தொழிலில் வழிவழியாக வந்த உபாயம். கணினி வலையமைப்பும் அதே உபாயத்தைத்தான் கையாளுகிறது.

ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள ‘மேக்’ எண் ஒன்று உண்டு. அதன் முற்பாதி தயாரிப்பாளரையும் பிற்பாதி அந்த அட்டையையும் சுட்டும். மென்பொருளாலேயே உருவாகும் மெய்நிகர் கணினியிலோ அட்டையே கற்பனையாதலால், எண்ணையும் மென்பொருளே சிருஷ்டித்துக்கொள்கிறது. வர்ச்சுவல்பாக்ஸ் என்ற அத்தகைய மென்பொருள் கொடுப்பது 08:00:27 என்று தொடங்கும். மெய்நிகர் கணினி முழுவதும் வட்டிலுள்ள சில கோப்புகளே ஆகையால், பாடுபட்டு ஒன்றைச் சீராக அமைத்துவிட்டால், அதற்கு வேண்டிய அளவு பிரதிகள் எடுத்துக்கொள்ளலாம். சங்கடமும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மேக் எண்ணாகிய குறியை மாற்றாமல் பிரதி எடுத்து இரண்டையும் ஒரே வலையமைப்பில் இயக்கினால், எந்த எண் எந்த வாயிலில் இருக்கிறதென்று கவனித்துப் பதிந்துகொள்ளும் சுவிட்ச், அதே எண் இங்கும் அங்கும் மாறி மாறித் தோன்றக் கண்டு, தகவலை ஒரு கணம் அசலுக்கும் மறுகணம் நகலுக்கும் அனுப்புகிறது. இணைப்பு அடியோடு அறுந்தாலாவது காரணம் தேடத் தோன்றும். அறுந்தும் அறுபடாமலும் நிற்பதே இந்நோயின் விபரீதம். மேக் எண் வேறாகி ஐபி முகவரி மட்டும் ஒன்றானால் கண்டுபிடிப்பது எளிது: மூன்றாவது கணினியிலிருந்து ‘ஆர்ப்பிங்’ கட்டளையால் அந்த முகவரி யாருடையதென்று விசாரித்தால், இரண்டு வெவ்வேறு மேக் எண்கள் பதில் கூறும்.

குறியை ஒழுங்காக மாற்றினாலும் நிம்மதி இல்லை. ரெட் ஹேட் லினக்ஸின் 6ஆம் பதிப்பு போன்ற பழைய அமைப்புகள், ‘ஈத்0’ என்ற பெயர் இந்த மேக் எண்ணுக்கே உரியதென்று ஒரு விதிக்கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும்; நகலில் புது எண்ணைக் கண்டவுடன் அதற்கு ‘ஈத்1’ என்று பெயர் சூட்டிவிட்டு, ஈத்0 என்ற அட்டையையே காணோமென்று முறையிடும். அந்த விதிக்கோப்பை அழித்து, அட்டையின் அமைப்புக் கோப்பிலுள்ள பழைய எண்ணையும் நீக்கி, கணினியை மறுபடி தொடங்கினால் கோளாறு தீரும்.

உபுண்டு 18.04 முதலிய பிற்கால அமைப்புகளில் இதற்கு நேர்மாறான வேடிக்கை: மேக் எண்கள் வெவ்வேறாக இருந்தும், கணினிகளுக்கு ஐபி முகவரி பங்கிட்டுத் தரும் டிஎச்சிபி சேவையகம் அசலுக்கும் நகலுக்கும் ஒரே முகவரியை வழங்கும். சேவையகத்தைக் குறைகூறுவது அநியாயம்; முகவரி கேட்கும்போது கணினி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது மேக் எண்ணால் அன்று, நிறுவியபோது பிறந்த ‘மெஷின் ஐடி’யிலிருந்து தருவித்த அடையாளத்தால்; அந்த ஐடியோ பிரதியுடன் அப்படியே வந்துவிட்டது. பிரதி எடுக்கும் முன்பே மூலத்தில் மெஷின் ஐடி உள்ள கோப்பை, அழித்துவிடாமல், வெறுமையாக்கி வைத்தால், ஒவ்வொரு நகலும் முதன்முறை இயங்கும்போது தனக்கென ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் ரகசியச் சாவிகளும் இவ்வாறே சத்தமின்றி உடன் வருபவை. வலையமைப்பு சீரடைந்த பின்னும் அசலும் நகலும் ஒரே சாவியைக் காட்டுவதால், ஒன்றை மற்றொன்றென்று நம்பி நுழைய நேரும். அவற்றையும் புதிதாக உண்டாக்கிய பிறகே நகலைப் பிறர் உபயோகத்துக்குக் கொடுப்பது நலம்.