பழைய வண்டி, பழகிய கை – 9: பின்பக்கத்தில் ஒரு 'டொக்'

கரவெட்டிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் பழைய கார் வந்து நின்றால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணை, பின்னால ஒரு சத்தம் கேக்குது."

"எங்க ஓடேக்க கேக்குது?"

"வல்லைவெளியில ஒண்டும் இல்லை. நெல்லியடியால உள்ளுக்கு இறங்கினாத்தான்."

பாதி நோய் அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும். வல்லைவெளி வழியாகப் போகும் பருத்தித்துறை வீதி காப்பெற் போட்டது. சில்லு வழுக்கிக்கொண்டு போகும். ஒழுங்கைக்குள் திரும்பினால் சுண்ணக்கல் தலை நீட்டிக்கொண்டிருக்கும். சில்லு ஏறும், விழும். அப்படி ஏறி விழும்போது மட்டும் கேட்கிற சத்தத்துக்கு எஞ்சினைக் குற்றம் சொல்ல முடியாது, கியர்பொக்சையும் சொல்ல முடியாது. பின் அக்சிலைச் சுற்றி ஏதோ ஒன்று பிடி விட்டிருக்கிறது. அது பெரும்பாலும் என்னவென்று பார்ப்பதுதான் இந்த வாரத்து வேலை: பின் சொக் அப்சோபரை வண்டியோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள்.

இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டும் கோளாறு இது. எம்ஜிபி, எம்ஜி மிட்ஜெற், டிரையம்ப் டிஆர்-6 எதையும் விட்டுவைத்ததில்லை. கரவெட்டியில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று கேட்கலாம். தேட வேண்டியதில்லை. 1958இல் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற இருவர் காரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த சாமான்தான். 948 சிசி 'ஏ-சீரிஸ்' எஞ்சின் மொறிஸ் மைனர் 1000இல் இருந்ததன் உறவு; ஸ்ரியரிங் ராக் மைனருடையது; முன் சஸ்பென்சன் ஒஸ்ரின் ஏ-35இலிருந்து எடுத்தது. 1961இல் அதே வண்டி எம்ஜி மிட்ஜெற் என்ற பெயரிலும் வந்தது. பந்தயக் காரின் தோலுக்குள் பள்ளிக்கூட வாத்தியாரின் கார் இருந்தது. ஆகையால் இலண்டனில் மிட்ஜெற் வைத்திருப்பவர் கேட்கிற 'டொக்'கும், துன்னாலையில் மைனர் வைத்திருப்பவர் கேட்கிற 'டொக்'கும் ஏறக்குறைய ஒரே வீட்டுச் சத்தம்.

இந்தக் கார்கள் யாழ்ப்பாணத்தில் இத்தனை காலம் தங்கியதற்குக் காரணம் பழம்பொருள் ஆசை அல்ல. அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி இறுகியது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1977க்குப் பின் கதவு திறந்து ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. பிறகு போர். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை அடைபட்டது, பெற்றோலுக்குத் தடை. சில துளி பெற்றோலை உள்ளே விட்டு எஞ்சினை உசுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய ஒஸ்ரின் ஏ-40களின் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே கார்களின் வயிற்றுக்குக் கீழே என்ன நடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. நியாயமாகப் பார்த்தால் அதுவும் சொல்ல வேண்டிய கதை. உதிரிப்பாகம் வராத காலத்தில் கைக்கு அகப்பட்ட போல்ட் போடப்பட்டது. நாலு பேருக்கான காரில் எட்டுப் பேரும் மூட்டைமுடிச்சும் ஏறின. இன்று பல வண்டிகளின் பின்பக்கத்தில் கேட்கும் சத்தத்துக்கு விதை அப்போது விழுந்தது.

சாமானைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இன்றைய வாகனங்களில் உள்ள நீளக் குழாய் வடிவச் சொக் அப்சோபர் இவற்றில் இல்லை. கையளவு வார்ப்பிரும்பு அல்லது அலுமினியப் பெட்டி ஒன்று. அதற்குள் ஒயிலும் இரண்டு பிஸ்ரன்களும். வெளியே ஒரு கை. கிணற்றுத் துலா போல அந்தக் கை மேலும் கீழும் ஆடும்போது உள்ளே ஒயில் சிறு வால்வு வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அந்தத் தடைதான் ஆட்டத்தை அடக்குகிறது. மிட்ஜெற்றிலும் எம்ஜிபியிலும் பெட்டி உடலிலுள்ள பிராக்கெற்றோடு இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். கையின் நுனியிலிருந்து ஒரு சிறு இணைப்புத்தண்டு, இரு முனையும் ரப்பர் புஷ்ஷோடு, அக்சிலுக்குப் போகும். ஆர்ம்ஸ்ட்ரோங் கம்பனியின் இந்த அமைப்பு எம்ஜிபியில் 1980இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்படும் வரை மாறவே இல்லை. பழசு என்று ஏளனம் செய்ய வேண்டாம். ஒழுங்காக ஒயில் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும்.

சிக்கல் அந்த இரண்டு போல்ட்டில். சில்லு மேலே போனால் பெட்டியை ஒரு பக்கம் தள்ளும். கீழே விழுந்தால் மறுபக்கம் இழுக்கும். ஒரு மைல் ஒழுங்கையில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். போல்ட் நன்றாக இறுகியிருக்கும்வரை அந்தப் பாரத்தைச் சுமப்பது போல்ட் அல்ல. பெட்டிக்கும் பிராக்கெற்றுக்கும் இடையிலுள்ள உராய்வுதான். இறுக்கம் ஒருமுறை தளர்ந்துவிட்டால் பெட்டி நகரத் தொடங்கும். நகர நகரத் துளை முட்டை வடிவமாகும். துளை பெருத்தால் இன்னும் நகரும். இதற்குமேல் ஸ்பனரை எடுத்து மறுபடி இறுக்குவது இரண்டு கிழமைக்குத்தான் தாங்கும்.

தளர்ந்ததற்கான காரணத்தைத்தான் தேட வேண்டும். யாழ்ப்பாணத்து வண்டிகளில் முதல் சந்தேகம் மில்லிமீற்றர் போல்ட்மேல். ஐம்பது, அறுபதுகளின் ஒஸ்ரின், மொறிஸ், எம்ஜி வண்டிகளில் அங்குல அளவு, 'யூஎன்எஃப்' புரி. 3/8 அங்குலம் என்றால் 9.5 மில்லிமீற்றர். ஜப்பானிய வாகனத்திலிருந்து கழற்றிய 8 மில்லிமீற்றர் போல்ட்டை அந்தத் துளையில் போட்டால் ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி சும்மா கிடைக்கும். 5/16 அங்குலத்துக்கு இன்னும் பொல்லாத ஏமாற்று உண்டு: அது 7.9 மில்லிமீற்றர், 8க்கு ஒரு மயிரிழை குறைவு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் யூஎன்எஃப் புரியில் ஒரு சுற்றுக்கு 1.06 மில்லிமீற்றர் முன்னேறும். சாதாரண 8 மில்லிமீற்றரில் 1.25. இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உண்மையில் புரி ஒன்றையொன்று தின்றிருக்கும். பெட்டி இறுகியே இருக்காது. ஸ்பனரிலும் இதே கதை. 3/8 போல்ட்டின் தலை 9/16 அங்குலம், அதாவது 14.3 மில்லிமீற்றர். 14 ஸ்பனர் ஏறாது. 15 ஸ்பனர் தலையை உருட்டிவிடும்.

அடுத்த எதிரி உப்புக்காற்று. வல்லைவெளி வழியாகத் தினமும் போய்வரும் வண்டியின் அடிப்பகுதியை ஒருமுறை சுரண்டிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிராக்கெற்றின் இரும்பு மெலிந்துவிட்டால் எவ்வளவு நல்ல போல்ட்டும் பிடிப்பதற்கு ஒன்றும் இராது.

சோதனை செய்யும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். வண்டியை ஜக்கில் தூக்கி, சில்லைத் தொங்கவிட்டு, சொக் அப்சோபரைக் கையால் ஆட்டிப் பார்ப்பார்கள். அசையாது. தொங்கும் அக்சிலின் பாரம் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருப்பதால் ஆட்டம் ஒளிந்துகொள்ளும். குழி உள்ள கராஜே இதற்குச் சரி. நாலு சில்லும் நிலத்தில் நிற்க, ஒருவர் பின் பம்பரில் ஏறி அழுத்தி விடவேண்டும். மற்றவர் குழிக்குள் நின்று, விரல் நுனியைப் பெட்டியும் பிராக்கெற்றும் சேரும் விளிம்பில் வைக்க வேண்டும். அரை மில்லிமீற்றர் அசைந்தாலும் விரலுக்குத் தெரியும். வொஷரைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் நுண்ணிய தூள் படிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. இரண்டு இரும்பு ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த தூள் அது. பெயின்ற் இல்லாமல் பளபளக்கும் கோடு இருந்தாலும் அதே அர்த்தம்.

ஒன்றும் அசையவில்லையா? அப்போது சத்தத்துக்கு வேறு உரிமையாளர். கிளச்சை விடும் அந்த நொடியில் மட்டும் ஒரு 'டக்' என்றால் புரொப்பெல்லர் சாஃப்ற் மூட்டைப் பார்க்கலாம். இணைப்புத்தண்டின் ரப்பர் புஷ் பொடியாகியிருந்தால் இதேபோலத்தான் தட்டும். அது மலிவான திருத்தம். அக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கும் யூ-போல்ட் தளர்ந்திருந்தால், சத்தத்தோடு வண்டி வளைவில் பின்பக்கமாகத் தானே ஸ்ரியரிங் பிடிக்கும். அதை அன்றைக்கே பார்க்க வேண்டும், நாளைக்கு வைக்கக் கூடாது. சைலன்சர் குழாய் அக்சிலில் இடிப்பதையும், டிக்கிக்குள் உருளும் ஜக்கையும் சொக் அப்சோபர் என்று நினைத்துக் காசு செலவழித்தவர்கள் ஊரில் குறைவில்லை.

பெட்டி ஆடுவது உறுதியானால் கழற்ற வேண்டியதுதான். கழற்றிய பெட்டியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் காற்று புகுந்துவிடும். கையை மெதுவாக முழுத்தூரமும் ஆட்டிப் பார்த்தால் தடை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் 'சொத்' என்று விழுந்தால் ஒயில் குறைவு அல்லது காற்று. மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு ஒயில் நிரப்பி, பலமுறை ஆட்டிய பின்னும் அப்படியே இருந்தால் அது ஆயுள் முடிந்த பெட்டி. துளை கொஞ்சம்தான் பெருத்திருந்தால் தடித்த தட்டையான வொஷரோடு சரியான அங்குல போல்ட்டும் நைலோன் நட்டும் போதும். முட்டை வடிவமாகிவிட்டால் துளையை வெல்ட் வைத்து மூடித் திரும்பத் துளைக்க வேண்டும், அல்லது பிராக்கெற்றின் முகத்தில் புதுத் தகடு ஒட்ட வேண்டும். இணைப்புத்தண்டின் ரப்பர் புஷ்களைக் கடைசியாக இறுக்குவது வண்டி சில்லில் நின்ற பிறகுதான்; தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையில் பிடிபட்டு விரைவில் கிழியும்.

இங்கே ஒரு சபலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் பொதிகளில் இப்போது குழாய் வடிவச் சொக் அப்சோபருக்கு மாற்றும் 'கிட்' வருகிறது. பழைய பெட்டியின் அதே இரண்டு துளையில் ஒரு பிராக்கெற்றைப் பூட்டி அதில் குழாயைத் தொங்கவிடுவார்கள். ஏற்கெனவே களைத்துப்போன இரும்பில் புதுக்கோணத்தில் பாரம் ஏறும். பிராக்கெற்றை முதலில் பலப்படுத்தாமல் கிட் பூட்டுவது காசைக் குழியில் போடுவதற்குச் சமன். நல்ல பழைய பெட்டி கிடைத்தால் அதையே வைத்திருப்பதுதான் கெட்டித்தனம்.

வெல்ட் வைக்க முடிவு செய்தால் ஒரு விடயத்தில் சமரசமே கூடாது. மிட்ஜெற்றில் பெற்றோல் தாங்கி டிக்கியின் அடியில் தொங்குகிறது. பின் சொக் அப்சோபருக்கு அது கூப்பிடு தூரம்கூட இல்லை. தாங்கியையும் பெற்றோல் குழாயையும் கழற்றி, வண்டியிலிருந்து தூரத்தில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் வெல்டிங் மெசினின் சுவிச்சைத் தொடலாம். "ஈரச்சாக்கு போட்டால் காணும்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பற்றரி வயரையும் கழற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெற் வரை வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு. நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு குழிக்குள் இறங்கிப் பார்த்தால் கோடு உடையாமல் இருக்க வேண்டும். உடைந்திருந்தால் புரியை மறுபடி சோதிக்க வேண்டும், வெறுமனே இறுக்கிவிட்டுப் போகக் கூடாது.

அடுத்த வாரம்: மிட்ஜெற்றின் முன்பக்கக் கிங்பின், கிறீஸ் அடிக்காமல் விட்டால் வரும் செலவு.

(தொடரும்)