சட்டம் மாறிவிட்டது, சொல்லிக் கொடுப்பவர் யார்?

புது தில்லி: நாட்டின் 29 தொழிலாளர் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. பணி நியமனக் கடிதம் கட்டாயம் என்று அவை கூறுகின்றன. எந்தத் தொழில் நிறுவனமாயினும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடுவதற்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-ஆக உயர்ந்துள்ளது. செயலி வழியே வேலை பெறுவோரும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதன்முறையாக இடம்பெற்றுள்ளனர்.

இவை சீர்திருத்தம் என்கிறது மத்திய அரசு. போராடிப் பெற்ற உரிமைகளின் பறிப்பு என்கிறது மத்திய தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு. தமிழகத்தின் தொ.மு.ச.வும் அகமதாபாதில் பிறந்த "சேவா'வும் இடம்பெற்றுள்ள இந்தக் கூட்டமைப்பு, 2025 ஜூலை 9-ஆம் தேதி நாடு தழுவிய வேலைநிறுத்தத்தையும் நடத்தியது. இந்த வாதப் பிரதிவாதங்களுக்கிடையே ஒரு கேள்வி மட்டும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. சட்டம் தனக்கு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பீடி சுற்றும் பெண்ணும் கட்டடத்தில் கல் சுமக்கும் சித்தாளும் யாரிடம் கற்றுக்கொள்வார்கள்?

இதற்கென அரசு அமைப்பு இல்லாமலில்லை. தொழிலாளர் கல்விக்கான மத்திய வாரியம், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு 1958-ல் அமைக்கப்பட்டது. பாரதிய மஸ்தூர் சங்கத்தின் நிறுவனர் தத்தோபந்த் தெங்கடியின் பெயரை அது இப்போது தாங்கியிருக்கிறது. கல்வி அதிகாரிகள் தொழிலாளர் சிலருக்குப் பயிற்சி அளிப்பார்கள். அவர்கள் தங்கள் ஆலைக்குத் திரும்பி மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பார்கள். இதுவே அதன் அடிப்படை முறை. பின்னாளில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் கிராமங்களுக்கும் பணி விரிந்தது.

ஆனால், ஆலைத் தொழிலாளியை வகுப்புக்கு விடுவிக்க நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். பாடத்திட்டமோ அரசினுடையது. உற்பத்தித் திறன், ஒழுங்கு, நல்லுறவு ஆகியவற்றைப் பற்றி அங்கே தாராளமாகப் பேசலாம். முதலாளியிடம் கூலி உயர்வு கேட்பது எப்படி என்பதை அதே தாராளத்துடன் பேச முடியுமா? தொழிலாளர் கல்வியை வகுப்பதும் நடத்துவதும் தொழிற்சங்கங்களின் பொறுப்பாக வேண்டும் என்று நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான முதலாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969-லேயே பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை மெய்ப்பித்துக் காட்டிய சங்கங்கள் மிகச் சிலவே. அவற்றுள் குறிப்பிடத்தக்கது சேவா எனப்படும் சுயதொழில் மகளிர் சங்கம்.

தையலிலிருந்து உரிமைக்கு

அகமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குக் கல்வி புதிதல்ல. ஆலை முதலாளி குடும்பத்தில் பிறந்த அனசூயா சாராபாய், தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியவர். அவரும் காந்தியடிகளும் வளர்த்த ஜவுளித் தொழிலாளர் சங்கம் 1920-ல் உருவானது. அச்சங்கம் 1954-ல் மகளிர் பிரிவைத் தொடங்கி, ஆலைத் தொழிலாளர்களின் மனைவியருக்கும் மகள்களுக்கும் தையல், பூவேலை, தட்டச்சு ஆகியவற்றைக் கற்பித்தது. நற்பணிதான். ஆயினும், அங்கே பெண் தொழிலாளியின் குடும்பத்தவராகக் கருதப்பட்டாரேயன்றித் தொழிலாளியாகக் கருதப்படவில்லை.

அப்பிரிவுக்குப் பொறுப்பேற்ற வழக்குரைஞர் இலா பட், 1970-களின் தொடக்கத்தில் ஜவுளிச் சந்தையின் தலைச்சுமைப் பெண்களைச் சந்தித்தார். கடைக்குக் கடை துணி மூட்டை சுமந்த அவர்களுக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை நடை என்பதற்குப் பதிவேதும் கிடையாது. அவர்களது அவலத்தை இலா பட் உள்ளூர் நாளிதழில் எழுதினார். நாங்கள் நியாயமான கூலியே தருகிறோம் என்று வணிகர்கள் தங்கள் தரப்பைப் பதிலாக வெளியிட்டனர். பெண்கள் அந்த மறுப்பை மறுக்கவில்லை. வணிகர்கள் தருவதாகச் சொன்னதையே அட்டைகளில் அச்சடித்து ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டனர். மறுநாள் முதல் கூலி கேட்கும்போது நீட்டுவதற்கு அவர்கள் கையில் ஓர் ஆவணம் இருந்தது.

தொழிலாளர் கல்வி என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. எழுத்தறியாத பெண்ணும் எழுத்தின் வலிமையை அன்று அறிந்துகொண்டார்.

1972-ல் சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது, முதலாளியே இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று தொழிலாளர் துறை கேட்டது. தொழிலாளர் ஒன்றுபடுவதற்கே சங்கம். எதிரே ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று வாதாடி அவர்கள் பதிவு பெற்றனர். 1974-ல் ஆளுக்கு 10 ரூபாயாக 4,000 பெண்கள் போட்ட பணத்தில் கூட்டுறவு வங்கி உருவானது. அதன் பதிவுக்குக் கையொப்பமிட வேண்டிய 15 பெண்களுக்குப் பெயர் எழுதத் தெரியாது. ஓர் இரவு முழுவதும் அமர்ந்து தத்தம் பெயரை எழுதிப் பழகினர். பதிவாளர் முன் கைநாட்டு வைக்காமல் கையொப்பமிட்டனர். பிழைப்புக்குத் தேவைப்பட்ட நாளில், தேவைப்பட்ட அளவில் வந்த எழுத்து அது.

மாணவியே ஆசிரியை

1984-ல் சங்கத்தின் உறுப்பினர்கள் இருபது பேர் வீடியோ படப்பிடிப்பு கற்றனர். அவர்களுள் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். காய்கறி விற்றவரும் அவர்களில் உண்டு. நடைபாதையிலிருந்து விரட்டப்படும் மாணிக் சௌக் வியாபாரிகளின் அன்றாட நிலையை அவர்களே படம் பிடித்தனர். எழுதப்பட்ட மனுவைப் படிக்காமல் ஒதுக்கிவிடும் அதிகாரியும் கண்ணால் கண்டதை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

1990-களில் பயிற்சிப் பணிகள் "சேவா அகாதெமி' என்ற குடைக்கீழ் திரட்டப்பட்டன. சங்கம் என்றால் என்ன, உறுப்பினரின் கடமை என்ன, கூட்டத்தை நடத்துவது எப்படி, அதிகாரியிடம் பேசுவது எப்படி என்பன பாடங்கள். பயிற்சி பெற்ற உறுப்பினரே அடுத்த வகுப்புக்குப் பயிற்றுநர். "அனசூயா' என்ற குஜராத்தி இதழ் உறுப்பினர்களுக்காகவும், "ஆகாஷ் கங்கா' வளரிளம் பெண்களுக்காகவும் வெளியாயின.

தில்லியின் சுந்தர் நகரி, ஜஹாங்கீர்புரி போன்ற பகுதிகளிலும் சேவா இயங்குகிறது. வீட்டிலிருந்தே துணிகளுக்குப் பூவேலை செய்து தரும் பெண்கள் இங்கே ஏராளம். இவர்களுக்குத் தேவைப்படும் முதல் பாடம் எளிய கணக்கு. ஒரு துணிக்குக் கிடைப்பது எவ்வளவு? ஒரு நாளில் எத்தனை துணி முடிகிறது? நூலுக்கும் மின்சாரத்துக்கும் கைக்காசு எவ்வளவு போகிறது? மிஞ்சுவதை எட்டு மணி நேர வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்கு அருகில் எழுதிப் பார்த்தால், இடைத்தரகர் தருவது கூலியா, தயவா என்பது விளங்கிவிடும். வீட்டுவழித் தொழிலுக்கான சர்வதேச உடன்படிக்கை 1996-ல் ஜெனீவாவில் நிறைவேறியதில் சேவாவுக்குப் பெரும் பங்குண்டு. இந்தியா அதை இன்னமும் ஏற்புறுதி செய்யவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

திறன் மட்டும் போதுமா?

இளைய தலைமுறையிடம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நடைபாதை வியாபாரியின் மகள் கணினியும் ஆங்கிலமும் கற்க விரும்புகிறார். தாயின் கூடையை அல்ல. தொழிற்சங்கங்கள் இந்த விருப்பத்தைப் புறக்கணிக்க முடியாது. அதேவேளையில், வேலைத்திறன் பயிற்சியை மட்டும் அளித்தால் சங்கத்துக்கும் அரசின் திறன் மேம்பாட்டு மையத்துக்கும் வேறுபாடு இராது.

அகமதாபாதில் கட்டடத் தொழிலாளர்களுக்காகச் சேவா தொடங்கிய "கர்மிகா' பள்ளி, சித்தாள் பெண்களுக்குக் கொத்து வேலையும் டைல்ஸ் பதிப்பதும் கற்பித்தது. கரண்டி பிடிக்கக் கற்றுவிட்ட பெண்ணைக் கொத்தனாராக ஏற்க ஒப்பந்ததாரர் முன்வர வேண்டுமே! திறன் கையில் இருந்தும் கூலி சித்தாளுக்கானதாகவே இருந்தால், அங்கே தேவைப்படுவது சான்றிதழன்று. பேரம் பேசும் அமைப்பு.

சட்டம் தரும் இடத்தில் அமர்வதற்கும் கல்வி வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு நகர விற்பனைக் குழுவிலும் குறைந்தது 40 சதவீத இடங்களை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு ஒதுக்குகிறது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். மாநகராட்சி ஆணையரும் காவல்துறை அதிகாரியும் அமர்ந்த மேசையில் காய்கறி விற்கும் பெண்ணுக்கும் நாற்காலி உண்டு. கணக்கெடுப்புப் பட்டியலில் விடுபட்ட பெயரை அவர் சுட்டிக்காட்ட வேண்டும். விற்பனை தடை செய்யப்படும் பகுதியின் வரைபடத்தைக் கேள்வி கேட்க வேண்டும். பயிற்சி இல்லையெனில், முன்பே எழுதிவைத்த தீர்மானத்தில் அவருடைய கையொப்பம் மட்டுமே பெறப்படும்.

சேவா மீது விமர்சனங்கள் இல்லாமலில்லை. வளர்ச்சித் திட்ட நிதியைச் சார்ந்து தன்னார்வ நிறுவனம் போல் செயல்படுகிறது, வர்க்கப் போராட்டத்தைவிடச் சுயவேலைவாய்ப்புக்கு முன்னுரிமை தருகிறது என்பது இடதுசாரிகள் நீண்டகாலமாக முன்வைக்கும் குறை. அது விவாதத்துக்குரியதே. ஆனால் முறைசார்ந்த ஆலைகளில் சந்தா வசூலும் போனஸ் பேச்சுவார்த்தையுமாக நின்றுவிட்ட சங்கங்கள், 20 இலட்சத்துக்கும் அதிகமான ஏழைப் பெண்களை உறுப்பினர்களாக்கிய ஓர் அமைப்பிடம் கற்கவேண்டியது எதுவுமில்லை என்று சொல்லிவிட முடியாது.

இதில் தமிழகத்துக்கும் ஒரு மரபு உண்டு. 1918-ல் வாடியாவும் திரு.வி.க.வும் துணைநின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைவதற்கு முன்பே, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோர் நடத்திய சபையில் சொற்பொழிவு கேட்கக் கூடினர். சங்கம் பிறந்தது அந்தக் கூட்டத்தில்தான்.

அரசின் இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமான அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவர்களுக்கு அட்டை கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு எதைக் கேட்பது என்பதைச் சொல்லித்தர ஆளில்லை. புதிய சட்டத் தொகுப்புகளை எதிர்த்து வீதிக்கு வரும் சங்கங்கள், அவற்றின் பிரிவுகளை எளிய மொழியில் அச்சிட்டு, குடியிருப்புதோறும் மாலை வகுப்பு நடத்தினால் என்ன? எதிர்ப்பதற்கும், கிடைப்பதைக் கேட்டுப் பெறுவதற்கும் அந்த வகுப்பே முதற்படி. அதைச் சங்கங்கள் செய்யத் தவறினால், சட்டத்தின் பொருளை இனி முதலாளியின் மேலாளர்தான் தொழிலாளிக்கு விளக்குவார்.