மதுவுக்குப் பின் வலி மாத்திரை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம் போன்ற ஊர்களில், சாரல் காலக் குடிக்கு மறுநாள் வரும் தலைவலிக்கும், ஆண்டு முழுவதும் உடலுழைப்போரைப் படுத்தும் கைகால் வலிக்கும் மருத்துவரை நாடாமலே மாத்திரை வாங்கிப் போடும் வழக்கம், மதுப்பழக்கத்தோடு சேரும்போது உயிருக்கே கேடாக முடியக்கூடும்.

பலரும் போடும் வலி மாத்திரையான பாரசிட்டமாலின் ஒரு சிறுபகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளுட்டாதயோன் என்னும் காப்புப்பொருள் அந்த நச்சை முறிக்கிறது. நாள்தோறும் குடிப்பவரிடம், நச்சை உண்டாக்கும் நொதி, அதாவது உடலின் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம், மிகுந்துவிடுவதோடு, சரியாக உண்ணாமையால் காப்புப்பொருளும் குறைந்துபோகிறது. மது உடலில் இருக்கும்வரை அதைச் சிதைப்பதிலேயே அந்த நொதி ஈடுபட்டிருப்பதால், இத்தகையோருக்குப் போதை தெளிந்த மறுநாள் காலையே ஆபத்து கூடிய வேளை என்பதைப் பலரும் அறிவதில்லை. நலமான வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் 8. தொடர்ந்து குடிப்போருக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் 2 கிராமோடு நிறுத்துகின்றனர். எப்போதேனும் சிறிது குடிக்கும் நலமானவருக்கு உரிய அளவிலான ஒரு மாத்திரை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை இரைப்பையின் உட்சுவரை அரிப்பவை. மதுவும் அதையே செய்வதால் குருதிக்கசிவு நேரலாம். மற்றொரு வலி மாத்திரையான டிரமடால் மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

அட்டையிலிருந்து கத்தரித்துத் தரப்படும் மாத்திரைத் துண்டில் மருந்தின் பெயரோ காலாவதி நாளோ இல்லாமல் போவது சிறு குறையன்று. மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை கூற வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை ஒழுங்குமுறைகள் வரையறுத்திருப்பதால், மது அருந்துவதைச் சொல்லி விளக்கம் கேட்பது வாங்குவோரின் உரிமையாகும். டைக்ளோஃபினாக், டிரமடால் போன்றவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பது சட்டமீறல். ரசீது கையிலிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அது சான்றாகும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் அளிக்கலாம்.

பாரசிட்டமால் அளவு மீறியபின் முதல் நாளில் அறிகுறி ஏதும் தெரியாமலிருக்கலாம். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் செலுத்தப்பட்டால் மிகுந்த பயன் தருவதால், மஞ்சள் காமாலை தென்படும்வரை காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் சென்று, குடித்த மதுவின் அளவை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும்.