ஐந்து ஆண்டில் அடங்காத களிமண்

"கட்டடம் பைல்மேல் நிற்கிறது சார், ஒன்றும் ஆகாது" என்று பில்டர் சொன்னால் அது பாதி உண்மை. பைல் எனும் அடித்தூண் ஆழத்தில் உள்ள கெட்டியான அடுக்கில் ஊன்றியிருந்தால் கட்டடம் பெரும்பாலும் அசையாது. ஆனால் பார்க்கிங் தளம், காம்பவுண்டுச் சுவர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் கொட்டிய மண்மேல்தான் இருக்கும். அடியில் சென்னையின் பள்ளிக்கரணைப் பக்கத்தைப் போலச் சதுப்புக் களிமண் இருந்தால் அவை மெல்ல இறங்கும். சுவரைத் தாண்டி வெளியே வருகிற இடத்தில் குழாய் முறியும். முதலில் தெரிவது நாற்றம்தான். கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே விழுந்த இடைவெளி அப்புறம்தான் கண்ணில் படும்.

கேட்டால், "மண் இறங்குவதை யாரால் சொல்ல முடியும்?" என்பார்கள். சொல்ல முடியும். பாரம் ஏறியதும் களிமண்ணிலுள்ள நீர் கசிந்து வெளியேறுகிறது, அந்த அளவுக்குத் தரை இறங்குகிறது. இதைக் கணக்கிடும் வழியைப் பொறியாளர் டெர்சாகி 1925-லேயே எழுதிவிட்டார். நீர் வெளியேறும் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஆய்வகத்தில் 2 செ.மீ. களிமண் வில்லை, மேலும் கீழும் நீர் வடிய, ஒரு மணி நேரத்தில் ஒடுங்குகிறது என்று வையுங்கள். அதே களிமண் நிலத்தில் 4 மீட்டர் தடிமனில் அதேபோல் இருபுறமும் வடிந்தால் 40,000 மணி நேரம், அதாவது நாலரை ஆண்டு ஆகும். 8 மீட்டர் என்றால் பதினெட்டு ஆண்டு!

ஆகவேதான் நீர் வெளியேறும் தூரத்தைக் குறைக்கச் செங்குத்து வடிகால் பட்டைகளை நெருக்கமாக இறக்கி, மேலே தற்காலிகமாக மண் குவித்து, மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இதற்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 15284-இன் இரண்டாம் பகுதி 2004 முதல் இருக்கிறது. தகடு பதித்து இறக்கத்தை அளந்துவந்தால், இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஜப்பானியப் பொறியாளர் அசவோகா 1978-இல் தந்த முறையில் வரைபடம் போட்டே பார்க்கலாம். அவசரப்பட்டு மண்ணை அள்ளிவிட்டால், பாக்கி இறக்கம் வீடு வாங்கியவர் தலையில்.

முன்பணம் கொடுக்குமுன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். மண்ணைச் சோதிக்க எத்தனை மீட்டர் ஆழம் துளையிட்டார்கள், களிமண் எவ்வளவு தடிமன், மண் கொட்டி எத்தனை மாதம் விட்டார்கள், இறக்க அளவீடு உண்டா? அறிக்கையைத் தரத் தயங்குபவரிடம் நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.

வாங்கியாகிவிட்டதா? ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீடு ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் குறையைத் தெரிவித்தால் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். "இது கட்டமைப்புக் குறை இல்லை" என்ற சாக்கு செல்லாது, வேலைத்தரமும் சேவை வசதிகளும் அதே பிரிவில் அடங்கும். களிமண் ஐந்து ஆண்டில் அடங்காமல் போகலாம் என்பதால், முதல் விரிசலிலேயே எழுத்தில் தெரிவியுங்கள், ஸ்பீடு போஸ்டில். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் அது தாண்டியிருந்தால் படம் எடுங்கள்.

பில்டர் அசையாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ரெரா பதிவு தேவைப்படாத சிறிய திட்டமானாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.